'மான்ஸ்டர்' அனிமே: மனதை உடைக்கும் கொடுமையும் பறிபோன பிள்ளைப் பருவமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'மான்ஸ்டர்' என்ன மாதிரியான தொடர்?

நவோகி உராசவா எழுதி வரைந்த மாங்காதான் (ஜப்பானியப் படக்கதை) மூலம். 1994 முதல் 2001 வரை ஜப்பானின் 'பிக் காமிக் ஒரிஜினல்' இதழில் தொடராக வந்து, பிறகு 18 தொகுதிகளாக வெளியானது. 1999-ல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருது பெற்றது. மேட்ஹவுஸ் நிறுவனம் இதை 74 பகுதிகள் கொண்ட அனிமேவாக (ஜப்பானிய அனிமேஷன் தொடராக) எடுத்தது. இயக்கம் மசாயுகி கோஜிமா. 2004 ஏப்ரலில் தொடங்கி 2005 செப்டம்பர் வரை நிப்பான் டிவியில் இரவு வெகுநேரம் கழித்து ஒளிபரப்பானது.

மந்திரசக்தி கிடையாது, ரோபோ கிடையாது, வேற்றுலகம் கிடையாது. ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் வாழும் சாதாரண மனிதர்களின் கதை. பெயரைக் கேட்டு ஏதோ ஜந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1986, மேற்கு ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரம். கென்ஸோ டென்மா ஜப்பானிலிருந்து வந்த மூளை அறுவை நிபுணர். கைராசிக்காரர். மருத்துவமனை இயக்குநரின் மகளோடு நிச்சயமும் ஆகியிருக்கிறது. ஒரு நாள், முதலில் கொண்டுவரப்பட்ட துருக்கியத் தொழிலாளியை விட்டுவிட்டு, பிரபல ஓபரா பாடகருக்கு அறுவை செய்யச் சொல்கிறார்கள், அவரும் செய்கிறார். தொழிலாளி இறந்துபோகிறார். என் கணவர்தானே முதலில் வந்தார் என்று அந்த மனைவி கதறுவது டென்மாவை விடவே இல்லை. அடுத்த முறை, தலையில் குண்டு பாய்ந்த சிறுவனா, நகர மேயரா என்ற கேள்வி வருகிறது. மேலிடத்துப் பேச்சை மீறிச் சிறுவனைக் காப்பாற்றுகிறார் டென்மா. மேயர் இறக்கிறார். பதவி போகிறது, நிச்சயித்த பெண்ணும் போகிறாள். பிறகு இயக்குநரும் வேறு இரண்டு மருத்துவர்களும் விஷம் கலந்த மிட்டாயால் சாகிறார்கள். அந்தச் சிறுவனும் அவனுடைய இரட்டைச் சகோதரியும் காணாமல் போகிறார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அந்தச் சிறுவன் யோஹான் அழகான இளைஞனாக வந்து, டென்மாவின் கண்முன்னாலேயே அவருடைய நோயாளி ஒருவரைக் கொல்கிறான். பழி டென்மா மேல் விழுகிறது. தான் பிழைக்கவைத்த உயிரைத் தானே முடித்துவைக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் துப்பாக்கியோடு கிளம்புகிறார்.

74 பகுதிகளா? ரொம்ப மெதுவாகப் போகுமே?

மெதுவாகத்தான் போகும். டென்மாவையும் யோஹானையும் இரண்டு மூன்று பகுதிகள் காணவே மாட்டோம். யாரோ ஒரு முதியவர், யாரோ ஒரு கிராமத்து மருத்துவர், யாரோ ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்று கதை ஒதுங்கி உட்காரும். இவற்றைத் தாண்டிவிட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு மனிதன் தன் வாழ்க்கையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுத்தான் என்று முழுதாகப் பார்த்திருந்தால்தான், ஒரே உரையாடலில் அது சரிவதைப் பார்க்கும்போது என்ன பறிபோகிறது என்பது நமக்குத் தெரியும்.

மாங்கா படிப்பதா, அனிமே பார்ப்பதா?

எது கையில் கிடைக்கிறதோ அது. அனிமே கிட்டத்தட்டக் காட்சிக்குக் காட்சி மாங்காவைப் பின்பற்றுகிறது. எனக்கு அனிமே ஒரு படி மேல். நொஸோமு சசாகி யோஹானுக்குக் கொடுத்திருக்கும் குரல்தான் காரணம். சத்தமே உயராத, இதமான, கேட்பவரை ஆறுதல்படுத்தும் குரல். இந்தக் கொடுமையின் தன்மையே அந்தக் குரலில்தான் இருக்கிறது.

இரத்தக்காட்சிகள் அதிகமா? பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கொலைகள் நிறைய உண்டு. ஆனால் இரத்தத்தை ரசித்துக் காட்டும் தொடர் அல்ல. பல கொலைகள் கதவுக்கு அப்பால் நடந்து முடிந்துவிடும். அதனாலேயே சிலர் இதைப் பதின்ம வயதுக்காரர்களுக்குப் பொருத்தமானது என்று நினைத்துவிடுகிறார்கள். பதினாறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. சிறுவர்களைச் சாவை நோக்கித் தள்ளும் விளையாட்டு, காப்பகத்துக் கொடுமை, தற்கொலைக்குத் தூண்டும் பேச்சு, குடிகாரத் தந்தைகள் எல்லாம் வருகின்றன. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை பார்க்க ஆசைப்பட்டால், தடுப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

(இதற்குக் கீழே கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும். தொடரைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

யோஹான் அதிகம் கத்துவதுகூட இல்லை. அப்புறம் ஏன் அவன் வந்தாலே பயமாக இருக்கிறது?

அவன் எதையும் வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. எதிரில் இருப்பவர் ஏற்கெனவே தனக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, அதை மென்மையாக வெளியே எடுத்து வைக்கிறான். அவ்வளவுதான். மீதியை அந்த மனிதரே செய்துகொள்கிறார்.

மியூனிக் பகுதியில் வரும் ரிச்சர்ட் பிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் போலீஸ்காரர். கொலைகாரனான பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பணியின்போது சுட்டுக் கொன்றவர். குடிபோதையில் சுட்டார் என்று வேலை போனது, குடும்பமும் போனது. கதையில் நாம் அவரைச் சந்திக்கும்போது, மனநல மருத்துவர் ரைஷ்வைனின் உதவியோடு குடியை விட்டிருக்கிறார். பிரிந்திருக்கும் மகளைப் பார்க்கப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். கூடவே, யோஹானைப் பற்றிய உண்மையையும் நெருங்கிவிட்டார்.

யோஹான் அவரை மொட்டைமாடியில் சந்திக்கிறான். மிரட்டல் இல்லை, ஆயுதம் இல்லை. அன்று அந்தப் பையனைச் சுட்டது போதையா, நீங்களா என்பதுதான் அவனுடைய கேள்வியின் சாரம். போதையில் செய்துவிட்டேன் என்ற ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரவுன் எழுந்து நின்றிருந்தார். அந்த ஒன்றை உருவிவிட்டான். மறுநாள் ஊர் அவரைக் குடித்துவிட்டு விழுந்து செத்தவர் என்கிறது. இதைக் கொலை என்று நம்புகிறவர் ரைஷ்வைன் ஒருவர்தான்.

ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்த முயற்சியையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடுவதைவிடக் கொடுமையான செயல் இந்தத் தொடரில் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான், எத்தனையோ துப்பாக்கிச் சூடுகள் மறந்துபோன பிறகும் அந்த மொட்டைமாடி மறக்கவில்லை.

இப்படி மனதை மட்டும் குறிவைத்து உடைப்பது உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் ஓர் அரசின் கொள்கையாக. கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையான ஸ்டாசி 1976 ஜனவரியில் '1/76' என்ற எண்ணுள்ள உத்தரவை வெளியிட்டது. அதில் எதிர்ப்பாளர்களைக் கைதுசெய்யாமலே செயலிழக்கச் செய்யும் வழிமுறைகள் எழுதப்பட்டிருந்தன: நற்பெயரைத் திட்டமிட்டுக் கெடுப்பது, வேலையில் தோல்விகளை ஏற்பாடு செய்வது, நண்பர்களுக்குள் சந்தேகத்தை விதைப்பது. 'சேர்செட்சுங்', அதாவது சிதைப்பு, என்று அதற்குப் பெயர். தனக்கு என்ன நடக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கதை பெரும்பாலும் பெர்லின் சுவர் விழுந்த பிறகான ஆண்டுகளில் நடப்பது தற்செயல் அல்ல. ஆட்சி போய்விட்டது. அது பழக்கிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

511 கிண்டர்ஹைம் உண்மையான இடமா?

இல்லை, கற்பனை. கதையில் அது கிழக்கு பெர்லினில் இருந்த அனாதைக் காப்பகம். பிள்ளைகளின் பெயரையும் நினைவுகளையும் அழித்து, உணர்ச்சியற்ற ஆட்களாக அவர்களை உருவாக்கும் சோதனை அங்கே நடக்கிறது. கடைசியில் யோஹான் மூட்டிவிட்ட பகையில், பிள்ளைகளும் பெரியவர்களும் ஒருவரையொருவர் கொன்று அந்த இடமே எரிந்துபோகிறது.

ஆனால் அந்தக் கற்பனைக்குக் கீழே கெட்டியான தரை உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 'மறுகல்வி' என்ற பெயரில் சிறப்புக் காப்பகங்கள் இயங்கின. அவற்றில் மிகக் கடுமையானது டோர்காவ் நகரில் இருந்த மூடிய இளைஞர் பணிமனை. 1964 முதல் 1989 நவம்பர் வரை அது இயங்கியது. 14 முதல் 18 வயது வரையிலான 4,000-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் எந்தக் குற்றத்துக்கும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர். மற்றக் காப்பகங்களில் அடங்காதவர்கள், ஓடிப்போனவர்கள். உள்ளே போனதும் தலைமுடி வெட்டப்பட்டு, தனியறையில் அடைக்கப்படுவார்கள். இன்று அந்த இடம் ஒரு நினைவகம்.

சரி, கம்யூனிச நாட்டில்தானே இப்படி என்று எளிதாக முடித்துவிடவும் முடியாது. மேற்கு ஜெர்மனியில் 1950-களிலும் 60-களிலும் காப்பகங்களில் நடந்த அடி, கட்டாய உழைப்பு, அவமதிப்பு பற்றி விசாரிக்க 2009-ல் ஒரு வட்டமேசைக் குழு அமைக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி 2012-ல்தான் தொடங்கியது. குழந்தைகள் அப்போது சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் முதியவர்களான பிறகுதான் கேட்டார்கள்.

கதையில் வரும் பெயரில்லாத அரக்கன் படப்புத்தகம் எதற்கு? சின்னப் பிள்ளைக் கதைபோல இருக்கிறதே?

பெயரில்லாத ஓர் அரக்கன் பெயர் வேண்டி அலைகிறது. இரண்டாகப் பிரிந்து ஒன்று கிழக்கே போகிறது, ஒன்று மேற்கே போகிறது. கிழக்கே போனது, பெயரைக் கொடு, உனக்குப் பலம் தருகிறேன் என்று ஒவ்வொருவருக்குள்ளும் புகுந்து, பசி தாங்காமல் உள்ளிருந்தே அவர்களைத் தின்றுவிடுகிறது. கடைசியில் யோஹான் என்ற நோயாளிச் சிறுவனின் பெயர் அதற்குப் பிடித்துப்போகிறது. அந்தப் பெயரோடு சுற்றியிருப்பவர்களை எல்லாம் தின்கிறது. எதிரே வந்த தன் மறுபாதியையும் தின்றுவிடுகிறது. இப்போது பெயர் இருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

தொடரின் முழுக் கொடுமையும் இந்தச் சில பக்கங்களுக்குள் இருக்கிறது. யோஹான் என்பது அவனுக்குப் பெற்றவள் வைத்த பெயர் அல்ல. எல்லையில் சாகக் கிடந்த இரட்டையர்களைக் கண்டெடுத்த ஜெனரல் வோல்ஃப், அந்தக் கதையிலிருந்து எடுத்து வைத்த பெயர். பிற்பாடு யோஹான் அவருக்குச் செய்தது என்ன? அவரைத் தெரிந்தவர்களை, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்களை ஒவ்வொருவராகக் கொன்று, அவரை மட்டும் உயிரோடு விட்டுவைத்தான். தான் நிற்கும் இடத்தில் இன்னொருவரையும் நிறுத்திக் காட்டினான்.

மியூனிக் நூலகத்தில் அந்தப் புத்தகம் மறுபடி கண்ணில் படும்போது மட்டும் யோஹான் நிலைகுலைந்து விழுகிறான். அதுவரை எதற்கும் அசையாதவன். அந்த ஒரு கணத்தில் மொத்தத் தொடரும் திசை மாறுகிறது.

சிவப்பு ரோஜா மாளிகையில் இருந்தது யோஹானா, அவன் சகோதரியா?

சகோதரிதான். இப்போது நீனா என்ற பெயரில் ஹைடல்பெர்க்கில் சட்டம் படிக்கும் பெண், முன்பு ஆன்னா. படப்புத்தகங்களை வைத்துப் பிள்ளைகளின் மனதை வடிவமைக்க முயன்ற ஃபிரான்ஸ் போனபார்ட்டா, அந்த மாளிகையில் ஒரு கூட்டத்தையே விஷம் வைத்துக் கொல்கிறார். அதைப் பார்த்த குழந்தை ஆன்னா. அவள் பிராகாவில் இருந்த 'மூன்று தவளை' வீட்டுக்கு ஓடிவந்து, காத்திருந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவன் அதைக் கேட்டுக் கேட்டு, தனக்கே நடந்ததாக ஏற்றுக்கொள்கிறான். அவள் மறந்துவிடுகிறாள்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: நினைவு அவ்வளவு உறுதியான பொருள் அல்ல. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் நீங்கள் ஒரு வணிக வளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்ற நடக்காத சம்பவத்தை, குடும்பத்தார் சொன்னதாகப் பங்கேற்பாளர்களிடம் சொன்னார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ தன் நினைவாகவே ஏற்றுக்கொண்டார். வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், தனியாக அடைந்துகிடந்த, ஒரே முகமும் ஒரே உடையுமாக வளர்ந்த இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு எது தன்னுடையது, எது அவளுடையது என்ற எல்லை எப்படி இருக்கும்?

எனக்கு இதில் நெஞ்சை அடைப்பது வேறொன்று. அவன் அந்த நினைவை எடுத்துக்கொண்டதில் அன்பும் இருக்கிறது. அவள் சுமக்க முடியாததை ஒரு பிள்ளை தன் தோளில் வாங்கிக்கொண்டது. அதை இறக்கிவைக்க அவனுக்கு யாரும் இல்லை.

அம்மா எந்தக் குழந்தையைக் கொடுக்க நினைத்தாள்?

தொடர் பதில் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றே நினைக்கிறேன்.

சோதனைக்காக இரட்டையரில் ஒருவரை எடுத்துப்போக ஆட்கள் வருகிறார்கள். இருவரும் பெண் குழந்தை உடையில், அச்சு அசலாக ஒன்றுபோல் நிற்கிறார்கள். தாய் ஒரு கையை விடுகிறாள், தயங்குகிறாள், மறுபடி மாற்றுகிறாள். யோஹானுக்குள் தங்கிப்போனது இந்த ஒரு சந்தேகம்தான்: அம்மா என்னைக் காப்பாற்ற நினைத்தாளா, அல்லது எங்களை மாற்றி எண்ணிவிட்டாளா? வேண்டாதவள் யார், வேண்டாதவன் யார்?

ஒரு குழந்தையின் பிள்ளைப் பருவம் எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மாளிகையில் பிணங்களைப் பார்த்தபோதும் அல்ல, 511-லும் அல்ல. நான் வேண்டப்பட்டவன் என்று யோசிக்காமலே நம்பிக்கொண்டிருந்த நிலை கலைந்தபோது. குற்றம் அந்தத் தாயுடையதா? அவள் கையில் தேர்வைத் திணித்தவர்களுடையது. ஆனால் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது பார்த்தது அம்மாவின் கையை மட்டும்.

டென்மாவின் கதையும் இதே கேள்வியில்தான் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். இரண்டு நோயாளிகளில் யார் என்று தேர்ந்தெடுக்கச் சொன்ன மருத்துவமனையும், இரண்டு பிள்ளைகளில் யார் என்று கேட்ட அதிகாரிகளும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

பிராகாவில் வரும் அந்தச் சிறுவன் மிலோஷ் பகுதி ஏன் இவ்வளவு பாதிக்கிறது?

ஏனென்றால் யோஹான் அங்கே தன் காயத்தை அப்படியே இன்னொரு குழந்தைக்கு மாற்றிக் கொடுக்கிறான். மிலோஷ் காப்பகத்தில் வளர்கிறான். ஒருநாள் அம்மா வருவாள் என்று நம்புகிறவன். நீ வேண்டியவனா என்று போய்ப் பார் என்று யோஹான் அவனைச் சிவப்பு விளக்குத் தெருவுக்கு அனுப்பிவைக்கிறான். அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. இருள் கவியும் தெருவில் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டு நடக்கும் அந்தச் சிறுவனைப் பார்ப்பது சுலபமல்ல. 511-ல் வளர்ந்த கிரிம்மர் என்பவர் தேடிக் கண்டுபிடித்து மீட்கிறார் என்பது ஒன்றுதான் ஆறுதல். மொட்டைமாடி விளிம்பில் நடக்கும் விளையாட்டை யோஹான் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதே வகை. அவர்களுடைய உயிருக்கு மதிப்பில்லை என்று அவர்களையே நம்பவைப்பது.

யோஹான் சைக்கோபாத்தா?

தொடரில் அப்படி ஒரு நோய்ப்பெயர் முடிவாகக் கொடுக்கப்படவில்லை. நிஜ உலகிலும், மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேட்டில் சைக்கோபதி என்று தனி நோயறிதல் கிடையாது. அதற்கு நெருக்கமானது சமூக விரோத ஆளுமைக் கோளாறு. அதையும் 18 வயது ஆகாதவருக்குச் சொல்லக்கூடாது. அந்த ஒரு பெயரை ஒட்டிவிட்டால் நம் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். 511-ஐ நடத்தியவர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள்: பிறவியிலேயே அரக்கன், நாங்கள் என்ன செய்ய முடியும்?

யோஹான் பெரிய மேதை, ஸ்டைலான வில்லன் என்று கொண்டாடுகிறார்களே?

அவன் வரும் காட்சிகளை மட்டும் வெட்டி, பின்னணி இசை போட்டுச் சுற்றவிடும் துண்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு. படைப்பாளி அவனைக் கவர்ச்சியாக வரைந்தது, சுற்றியிருப்பவர்கள் எப்படி விழுகிறார்கள் என்று நமக்கும் உறைக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கவர்ச்சியிலேயே நாம் நின்றுவிட்டால் ரிச்சர்ட் பிரவுனும் மிலோஷும் வெறும் 'சம்பவங்கள்' ஆகிவிடுகிறார்கள். கதையில் அவனை அடுத்த ஹிட்லர் ஆக்கத் துடிக்கும் கூட்டமும் அவனை ஒரு பிம்பமாகத்தான் பார்க்கிறது. அவன் அவர்களையும் மதிப்பதில்லை. அவனுக்கு வேண்டியது அதிகாரம் அல்ல. தன்னைத் தெரிந்த ஒருவரும் மிச்சமில்லாமல், தான் இருந்த தடமே இல்லாமல் மறைந்துபோவது. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் இந்தத் தொடரின் நாயகன் யார்?

டென்மாதான். ஆனால் என்னைக் கேட்டால் வொல்ஃப்காங் கிரிம்மரைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும்.

கிரிம்மரும் 511-ல் வளர்ந்தவர். உளவாளியாக இருந்தவர். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பு பயிற்சி எடுத்துக் கற்றுக்கொண்டது. எந்த இடத்தில் எந்த முகபாவம் வேண்டும் என்று தெரியும், உள்ளே எதுவும் வருவதில்லை. தன் சிறிய மகன் இறந்தபோதுகூட அழத் தெரியாமல் நின்றதை அவரே டென்மாவிடம் சொல்கிறார். ஆபத்து வந்தால், சிறுவயதில் பார்த்த தொலைக்காட்சி நாயகன் 'அற்புத ஸ்டைனர்' தனக்குள் விழித்துக்கொண்டு எதிரிகளை முடித்துவிடுகிறான் என்பார்; நடந்தது பிறகு நினைவிருக்காது.

யோஹானும் இவரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள். இவரிடமிருந்தும் அதே அளவு பறிக்கப்பட்டது. இவர் என்ன செய்கிறார்? 511 போன்ற இடங்களில் நடந்ததை வெளியே கொண்டுவர அலைகிறார். வழியில் தென்படும் குழந்தைகளைக் கவனிக்கிறார். உள்ளே உணர்ச்சி வராவிட்டாலும், உணர்ச்சி உள்ளவன் என்ன செய்வானோ அதைச் செய்கிறார். கனிவு மனதில் ஊறிய பிறகுதான் செயலாக வரும் என்று நாம் நினைக்கிறோம். கிரிம்மர் செயலைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் நடக்கிறார். ரூயன்ஹைம் ஊரில் கடைசியாக அவருக்குக் கோபமும் அழுகையும் தானாக வருகின்றன, ஸ்டைனர் இல்லாமல். மகனுக்காக அழ முடிகிறது. அதற்குள் அவர் சாகும் தறுவாயில் இருக்கிறார். இந்தக் காட்சிக்காகவே 74 பகுதிகளையும் பார்க்கலாம்.

பறிபோனது திரும்பக் கிடைக்கும் என்கிறதா தொடர்?

ஆளுக்கு ஒரு பதில். டீட்டர் என்ற சிறுவனை ஹார்ட்மன் என்ற ஆள், உலகம் முழுக்க இருட்டு, நாளையும் இருட்டு என்று சொல்லிச் சொல்லி அடித்து வளர்க்கிறான். அடுத்த யோஹானை உருவாக்கப் பார்க்கிறான். டென்மா டீட்டரிடம் நாளை நல்ல நாளாக இருக்கும் என்கிறார். சொல்வதோடு நிற்காமல் கூடவே கூட்டிப்போகிறார். அந்தப் பையன் ஒரு கால்பந்தை வைத்துக்கொண்டு மறுபடி குழந்தையாகிவிடுகிறான்.

ருமேனியக் காப்பகப் பிள்ளைகளை வைத்து 2000-ல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வும் இதையொட்டி ஒன்று சொல்கிறது. 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். பற்று, அறிவு வளர்ச்சி போன்றவற்றில் அவர்கள் தேறினார்கள்; ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். பயிற்சி கொடுத்து உருவாக்கப்பட்ட மாற்றம் அல்ல இது. தன்னைத் தெரிந்த, தன்னைத் தேடும் ஒரு பெரியவர் கிடைத்ததன் பலன்.

நீனாவுக்கு நல்ல வளர்ப்புப் பெற்றோர் கிடைத்தார்கள். யோஹான் அவர்களைக் கொல்லவைத்தபோதும், அவர்கள் கொடுத்தது அவளிடம் மிஞ்சியிருந்தது. ரூயன்ஹைமில் அவள் அண்ணனை மன்னிக்கிறாள். சில விஷயங்களைத் திருப்பிக்கொள்ள முடியாது என்ற பொருளில் அவன் பதில் சொல்கிறான். அவள் மன்னிப்பு உண்மை, அவன் பதிலும் உண்மை. இரண்டையும் அருகருகே விட்டுவிடுகிறது தொடர்.

கடைசிக் காட்சியில் யோஹானுக்கு என்ன ஆனது?

டென்மா அவனுக்கு இரண்டாவது முறையாக அறுவை செய்து காப்பாற்றுகிறார். தாயைத் தேடிப்போய் இரட்டையர்களின் உண்மைப் பெயர்களைத் தெரிந்துகொண்டு, மயக்கத்தில் இருக்கும் அவனிடம் சொல்கிறார். பிறகு கட்டில் காலியாக இருக்கிறது. தப்பித்தான் என்பார்கள், இறந்தான் என்பார்கள். என் வாசிப்பு: பெயர் கிடைத்த பிறகு 'யோஹான்' அங்கே இருக்கத் தேவையில்லை. எழுந்து போனவன் யார் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவே.

பார்த்து முடித்த பிறகு மனம் கனமாகவே இருக்கிறது. என் சொந்தச் சிறுவயது நினைவுகளும் கிளம்புகின்றன. இது இயல்பா?

இயல்புதான். வீட்டிலோ விடுதியிலோ, நீ வேண்டாதவன், நீ வேண்டாதவள் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடர் மற்றவர்களைவிட ஆழமாக இறங்கும். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். 511, மிலோஷ், ரூயன்ஹைம் பகுதிகளைத் தூங்கப்போகும் முன் பார்க்க வேண்டாம். பாதியில் நிறுத்தினாலும் தவறில்லை. தொடர் எங்கேயும் போய்விடாது. நினைவுகள் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்கோ போனால், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ போய்ப் பாருங்கள். ரிச்சர்ட் பிரவுனுக்கு ரைஷ்வைன் இருந்தவரை வாழ்க்கை நகர்ந்தது; அந்த மொட்டைமாடியில் அவர் தனியாக இருந்தார்.